குற்றாலம் தந்த கணக்கு மேதை

திருவிழாக் கடைகளில் ஒரு விளையாட்டுச் சாமான் விற்பார்கள். சதுரமான சிறு தட்டு. அதற்குள் 15 சின்னக் கட்டைகள். கட்டைகளின் மேல் 1 முதல் 15 வரை எண்கள். பதினாறாவது கட்டைக்கு உரிய இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் கொண்டு கட்டைகளை நகர்த்தி நகர்த்தி, எண்களை வரிசையாக நிறுத்த வேண்டும். கட்டையைக் கையில் எடுக்கக் கூடாது!

புதிதாக விளையாடுகிறவர்கள் முதலில் 1-ஐ மூலைக்குக் கொண்டு வருவார்கள். அதற்கு அடுத்து 2. அப்புறம் 3. இதுவரை சுலபம். ஆனால் 4 எங்கோ கீழே கிடக்கும். அதை மூலைக்குக் கொண்டு வர என்ன செய்தாலும் முடியாது. கஷ்டப்பட்டு நிறுத்திய 3-ஐக் கொஞ்சம் விலக்கினால்தான் 4 உள்ளே வரும். விலக்க மனம் வராதவர்கள் அங்கேயே நின்று விடுவார்கள்!

கண்ணுக்கு எதிரே லாபமாகத் தெரியும் நகர்த்தல் ஒன்று. கடைசியில் உண்மையாகவே லாபம் தரும் நகர்த்தல் இன்னொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. எண்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே சிக்கல் உண்டு. அந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுதும் போராடி, உலகத்துக் கணித மேதைகளை எல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஒரு தமிழர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவர்தான் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ்.பிள்ளை என்று அழைக்கிறது.

தாய் முகம் அறியாதவர்

குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். சாரல் நினைவுக்கு வரும். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியும், ரசிகமணி டி.கே.சி.யும் நினைவுக்கு வருவார்கள். ஒரு கணக்கு மேதையும் அந்த மண்ணில் பிறந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

குற்றாலத்தை அடுத்த ஊர் வல்லம். அங்கே 1901-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி சிவசங்கரநாராயணன் பிறந்தார். அந்தக் காலத்தில் தென்காசி வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-ம் ஆண்டில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று.

தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாய் இறந்து விட்டார். தாயின் முகம் எப்படி இருக்கும் என்று அறியாமலே பிள்ளை வளர்ந்தார்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் செங்கோட்டை சென்றார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. (1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது.) பையன் படிப்பில் கெட்டிக்காரன். கணக்கில் தனி ஆசை.

பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரே ஆண்டு. அந்த நேரத்தில் இடி விழுந்தது. தந்தையும் காலமாகி விட்டார்!

உபாத்தியாயர் செய்த உதவி

தாயும் இல்லை, தந்தையும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதப் போகும். அன்றைக்குக் கையில் நாலு காசு கிடைக்குமே! கண்ணுக்கு எதிரே தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆனால் சாஸ்திரியார் என்று ஓர் உபாத்தியாயர் இருந்தார். பையனின் திறமையை அவர் ஏற்கனவே கவனித்து வைத்திருந்தார். இந்தப் படிப்பு பாதியில் நின்று போகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். தம் பணத்தைக் கொடுத்து உதவினார். பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தார்.

உபாத்தியாயர் வேலையில் அந்தக் காலத்தில் பெரிய வருமானம் கிடையாது. தமக்கு உறவில்லாத ஒரு மாணவனுக்காக அவர் செலவு செய்தார். அந்தப் பணம் வீண் போகவில்லை. அவர் கைகொடுத்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கே இடம் இல்லை.

பிறகு பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1927-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. சென்னையில் அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பேராசிரியர் கே.ஆனந்தராவ். ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்த நாட்களில் ஆனந்தராவும் கேம்பிரிட்ஜில் படித்தவர். இன்னொருவர் பேராசிரியர் வைத்தியநாதசுவாமி.

1929-ம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 12 ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர் உலகப் புகழ் பெற்றது இந்த 12 ஆண்டுகளில்தான்.

பெரிய நோட்டை முதலில் நீட்டலாமா?

பிள்ளை செய்த ஆராய்ச்சி என்ன? கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! கடைக்குப் போய்ச் சாமான் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

கடைக்காரருக்கு 88 ரூபாய் கொடுக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஒரு 50 ரூபாய் நோட்டு. பிறகு 20. பிறகு 10. அப்புறம் 5, 2, 1. எப்போதும் பெரியதை முதலில் எடுக்கிறோம். மிகக் குறைந்த எண்ணிக்கையில் பணத்தைக் கட்ட நம் ஊர் நோட்டுக்கும் நாணயத்துக்கும் இதுவே சரியான வழி.

இப்போது ஒரு கற்பனை ஊருக்குப் போவோம். அந்த ஊரில் 1, 4, 9, 16 என்ற மதிப்பில்தான் நாணயங்கள் உண்டு. அதாவது, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வரும் வர்க்கங்கள். அங்கே 12 ரூபாய் கொடுக்க வேண்டும். பழக்கப்படி பெரிய நாணயத்தை முதலில் எடுப்போம். ஒரு 9. மீதி 3 ரூபாய்க்கு மூன்று 1. ஆக 4 நாணயங்கள்.

ஆனால் 9-ஐத் தொடாமல் மூன்று 4 கொடுத்துப் பாருங்கள். 12 ரூபாய் தீர்ந்தது. 3 நாணயங்களே போதும்! பெரியதை அவசரமாக எடுத்தவருக்கு ஒரு நாணயம் நஷ்டம்.

பிள்ளை இதே முறையைப் பகா எண்களில் ஆராய்ந்தார். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்று அது போகும். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும் மிகப் பெரிய பகா எண்ணைக் கழியுங்கள். மீதியிலும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் 1 மீந்தால் அதையும் ஒரு தவணையாகக் கொள்ளலாம். எத்தனை தவணையில் கணக்குத் தீரும்?

27-ஐ எடுப்போம். முதலில் 23 போகும். மீதி 4. அதில் 3 போகும். மீதி 1. ஆக மூன்று தவணை. மூன்று தவணை கேட்கும் முதல் எண் 27-தான். நான்கு தவணை கேட்கும் முதல் எண் எது? 1354. அதில் முதலில் 1327 போகும். மீதி 27. அந்த 27-க்கு மூன்று தவணை என்று முன்பே பார்த்தோம்.

ஐந்து தவணை கேட்கும் முதல் எண் எது என்று ஊகியுங்கள், பார்க்கலாம். ஐயாயிரமா? லட்சமா? அல்ல. 401429925999155061! பதினெட்டு இலக்கம் கொண்ட எண். இந்த எண் தெரிய வந்தது பிற்காலத்தில், கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு. இந்த எண்களின் வரிசைக்குப் பிள்ளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பெரியதை முதலில் எடுக்கும் முறை இங்கேயும் சிக்கனமானது அல்ல. 1354-ஐ அந்த முறை நான்கு தவணையில் தீர்த்தது. ஆனால் 1307, 47 என்ற இரண்டே பகா எண்களைக் கூட்டிப் பாருங்கள். 1354 வந்து விடும்!

வாரிங் போட்ட புதிர்

பிள்ளைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது இன்னொரு கணக்கு. அது 1770-ம் ஆண்டில் பிறந்த புதிர். அதைப் போட்டவர் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர்.

வர்க்க நாணயங்கள் மட்டும் உள்ள ஊரில், எந்தத் தொகையையும் அதிகம் போனால் 4 நாணயங்களில் கட்டி விடலாம் என்றார் வாரிங். ஓர் எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்கினால் வருவது கனம். கன நாணயங்கள் 1, 8, 27, 64 என்று போகும். அந்த ஊரில் 9 நாணயங்கள் போதும். நான்கு முறை போட்டுப் பெருக்கி வரும் நாணயங்கள் என்றால் 19 போதும். மேலும் மேலும் இப்படியே போகலாம் என்று எழுதி வைத்தார். ஏன் போதும் என்பதற்கு நிரூபணம் மட்டும் கொடுக்கவில்லை!

வர்க்கத்துக்கு 4 போதும் என்பதை அதே 1770-ல் லக்ராஞ்சி என்ற மேதை நிரூபித்தார். மற்றவை எளிதில் வசப்படவில்லை. எந்த அடுக்கு ஆனாலும் ஏதோ ஓர் எல்லை நிச்சயம் உண்டு என்று 1909-ல் ஜெர்மனியின் ஹில்பர்ட் காட்டினார். எல்லை உண்டு என்றார். எல்லை எது என்பதை அவர் சொல்லவில்லை.

கனங்களில் 23-ஐக் கட்டிப் பாருங்கள். 27 பெரிது, உதவாது. எனவே இரண்டு 8, ஏழு 1. மொத்தம் 9. இதற்குக் குறைந்து முடியவே முடியாது. இதே போல ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு முரட்டு எண் உண்டு.

ஆறு முறை போட்டுப் பெருக்கும் அடுக்கை எடுப்போம். அங்கே நாணயங்கள் 1, 64, 729, 4096 என்று போகும். 703-ஐக் கட்ட வேண்டும். 729 பெரிது. பத்து 64 கொடுத்தால் 640. மீதி 63-க்கும் ஒன்று ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். 10-ம் 63-ம் சேர்ந்து 73 நாணயங்கள்! ஆகவே 73 கட்டாயம் வேண்டும்.

அந்த 73 எல்லா எண்களுக்கும் போதுமா? இதுதான் கேள்வி. எண்களுக்கு முடிவு கிடையாது. ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்து முடிகிற காரியமா இது? பெரியதை முதலில் எடுக்கும் பழக்கமும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தக்கது அல்ல. எந்தப் பெரிய எண்ணுக்கும் நல்ல வழி ஒன்று உண்டு என்பதை, அந்த வழியை ஒவ்வொன்றாகத் தேடாமலே காட்ட வேண்டும்!

சிதம்பரமும் சிகாகோவும்

ருஷ்ய நாட்டு வினோகிராடவ் என்ற மேதை மிகப் பெரிய எண்களைச் சமாளிக்க ஒரு புது முறை கண்டுபிடித்தார். அந்த முறை கையில் கிடைத்ததும் இரண்டு இடங்களில் வேலை தொடங்கியது. ஓர் இடம் அமெரிக்காவில் உள்ள சிகாகோ. அங்கே டிக்சன் என்ற புகழ் பெற்ற பேராசிரியர் இருந்தார். வயதில் மூத்தவர். பெரிய பல்கலைக்கழகம், உதவிக்கு மாணவர்கள் உண்டு.

இன்னோர் இடம் சிதம்பரம். அங்கே பிள்ளை. அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

வினோகிராடவ் முறை மிகப் பெரிய எண்களுக்குத்தான் வழி சொல்லும். கீழே உள்ள எண்களுக்கு அது உதவாது. கீழே இருந்து கணக்கிட்டுக் கொண்டே மேலே ஏற வேண்டும். மேலே இருந்து வரும் நிரூபணத்தையும் கீழே இருந்து ஏறும் கணக்கையும் நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். நடுவில் ஓர் எண் விடுபட்டாலும் எல்லாம் வீண். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பிள்ளை அதைச் செய்தார்.

1935, 1936-ம் ஆண்டுகளில் விடை வெளியாயிற்று. 7-ம் அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் எத்தனை நாணயம் வேண்டும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் கிடைத்தது. டிக்சனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் சாராமல் அந்த விடையைக் கண்டார்கள்! சூத்திரத்துக்கு ஒரு சிறு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை மீறும் அடுக்கு ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை.

மீதி இருந்தவை 4, 5, 6 என்ற மூன்று அடுக்குகள். அடுக்கு சிறியதாக ஆக ஆக வேலை கடினமாயிற்று. பிள்ளை விடவில்லை. 1940-ம் ஆண்டில் ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று நிரூபித்தார். இதில் அவருக்குப் பங்காளி யாரும் இல்லை. முழுப் பெருமையும் அவருக்கே!

பஞ்சாபைச் சேர்ந்த கணித மேதை சர்வதமன் சௌலா அவருக்கு நண்பர். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. கடிதம் மூலமாகவே கணக்குகளைப் பரிமாறிக் கொண்டார்கள். இருவரும் சேர்ந்தும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பிள்ளைக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

இன்னும் தீராத கேள்வி

8, 9 என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். 8 என்பது 2-ன் கனம். 9 என்பது 3-ன் வர்க்கம். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்படி அடுத்தடுத்து நிற்கும் வேறு ஜோடி உண்டா? இல்லை என்று 1844-ல் கத்தலான் என்பவர் ஊகித்தார். அது சரிதான் என்று 2002-ம் ஆண்டில்தான் நிரூபணம் கிடைத்தது. நிரூபித்தவர் ருமேனியாவில் பிறந்த மிகைலெஸ்கு.

பிள்ளை இதைவிடப் பெரிதாகக் கேட்டார். வித்தியாசம் 1 ஆக இருந்தால் ஒரே ஜோடி. வித்தியாசம் 2, 3, 4 என்று வேறு எதுவாக இருந்தாலும், ஜோடிகள் ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கித்தானே தீர வேண்டும்? அடங்கும் என்பது பிள்ளையின் ஊகம். அது இன்றுவரை யாராலும் நிரூபிக்கப்படவில்லை. உலகத்தின் பல நாடுகளில் கணித அறிஞர்கள் அதோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

கடைசிப் பயணம்

1941-ல் பிள்ளை சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கொண்டது. அங்கே லெவி என்ற ஜெர்மானியப் பேராசிரியர் கணிதத் துறையை நடத்தி வந்தார். ஹிட்லர் ஆட்சியில் சொந்த நாட்டில் இடம் இழந்து இந்தியாவுக்கு வந்தவர் அவர்.

யுத்தம் முடிந்தது. நாடு விடுதலை பெற்றது. பிள்ளையின் பெயர் கடல் கடந்து பரவி இருந்தது. ஆனால் அவர் கடல் கடந்து போனதாக இல்லை. 1950-ல் அந்த நாளும் வந்தது.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற இடத்தில் உயர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஐன்ஸ்டீன் அங்கேதான் இருந்தார். அங்கு வந்து ஓராண்டு ஆராய்ச்சி செய்யும்படி பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அதோடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உலகக் கணித மாநாடு. யுத்தத்துக்குப் பிறகு கூடும் முதல் மாநாடு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக அவர் புறப்பட்டார். வாரிங் கணக்கில் அவர் பெயரைக் கட்டுரையில் மட்டும் படித்திருந்தவர்கள் அவரை நேரில் காண இருந்தார்கள்.

பம்பாயிலிருந்து புறப்பட்ட ஆகாய விமானம் எகிப்து நாட்டுத் தலைநகர் கெய்ரோவில் இறங்கியது. அங்கிருந்து ரோமாபுரிக்குக் கிளம்பியது. 1950-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. புறப்பட்ட சிறிது நேரத்தில் ஓர் எஞ்சினில் கோளாறு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. விமானம் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். அந்த 55 பேரில் சிவசங்கரநாராயண பிள்ளையும் ஒருவர்.

ஹார்வர்டில் மாநாடு முதல் நாள்தான் தொடங்கி இருந்தது. அவருடைய இடம் காலியாகவே இருந்தது.

அப்போது அவருக்கு வயது 49.

மற்றவர்கள் முடித்த வேலை

பிள்ளை மறைந்தபோது வாரிங் புதிரில் இரண்டு அடுக்குகள் பாக்கி இருந்தன. ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று 1964-ல் சீன நாட்டின் சென் ஜிங்ருன் நிரூபித்தார். கடைசியாக மிஞ்சியது நான்காம் அடுக்கு. வாரிங் சொன்ன அதே 19!

அதை 1986-ம் ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து முடித்தார்கள். இருவர் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.பாலசுப்பிரமணியன். 216 ஆண்டுகளாக நடந்த ஆட்டத்தில் கடைசிக் கட்டை அன்று தன் இடத்துக்கு வந்து நின்றது.

அதே பாலசுப்பிரமணியனும், தங்கதுரை என்ற கணித அறிஞரும் சேர்ந்து பிள்ளையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார்கள். 2010-ல் அவை நூலாக வந்தன. 60 ஆண்டுகளாகப் பழைய சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தவற்றை இன்று மாணவர்கள் ஒரே இடத்தில் படிக்கலாம்.

ராமானுஜன் பெயரை நாட்டில் எல்லோரும் அறிவார்கள். பிள்ளையின் பெயரைக் கணக்குப் படித்தவர்களே அறிவார்கள். இந்த ஆண்டு சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள், வழியில் வல்லம் என்ற பெயரைப் பார்த்தால் உடன் வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 703-ஐ 73 நாணயங்களில் கட்டச் சொல்லுங்கள். மாணவனின் சம்பளத்தைத் தம் கையிலிருந்து கட்டிய செங்கோட்டை சாஸ்திரியாரைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.